இப்போது கேட்கும் சத்தம்

நான் எழுதும் அஞ்சலட்டைகளில் முதல் வரி எப்போதும் ஒன்றுபோலத்தான் இருக்கும், மேடம். மணி என்ன, வெளியில் என்ன சத்தம் கேட்கிறது. பின்லாந்துக்காரி கிர்ஸ்டியால் வந்த பழக்கம் அது. ஊர்ப் படங்கள் எனக்கு வேண்டாம், எழுதும்போது உங்கள் காதில் விழுவதை எழுதுங்கள் என்று அவள் தன் இணையப் பக்கத்தில் போட்டிருந்தாள். நான் முப்பது வருடம் இங்கிலீஷ் டீச்சராக இருந்தவள். கேட்ட கேள்விக்குப் பதில் எழுதாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது.

உங்களுக்கு இந்தப் பழக்கம் புதிதாக இருக்கலாம். அஞ்சலட்டை பரிமாறிக்கொள்பவர்களுக்கென்று ஓர் இணையதளம் இருக்கிறது. முன்பின் தெரியாத ஒருவரின் முகவரியைத் தரும். அவருக்கு நாம் எழுத வேண்டும். அது போய்ச் சேர்ந்ததும், வேறெங்கோ இருக்கும் இன்னொருவர் நமக்கு எழுதுவார். நான் ஓய்வு பெற்றதும் இதில் சேர்ந்தேன். என்னோடு ஓய்வு பெற்றவர்கள் கோயில்களுக்குப் போனார்கள். எனக்கென்னவோ சாமியைவிட எங்கள் தபால்காரப் பெண் ரஞ்சிதா ஒழுங்காக வருவதாகப் பட்டது.

என் வீட்டுக்காரர் செங்கோடன் போர்வெல் ரிக் வைத்திருந்தார். வருடத்தில் பத்து மாதம் சத்தீஸ்கரிலும் ஒடிசாவிலும் துளை போட்டுக்கொண்டிருப்பார். திருமணமாகி முப்பத்தைந்து வருடம். ஓர் ஊரிலிருந்தும் ஒரு வரி எழுதியதில்லை. போன் செய்வார். அறுநூறு அடியில் தண்ணீர் வந்தது என்பார், இல்லை ஆயிரம் அடியிலும் தண்ணீரில்லை, புகைதான் வந்தது என்பார். பிறகு வைத்துவிடுவார். கெட்டவர் என்று எழுதிக்கொள்ளாதீர்கள். அடித்ததில்லை, குடித்ததில்லை. குறை சொல்ல ஏதாவது இருந்திருந்தால்கூடப் பேச்சுத் துணையாக இருந்திருக்கும்.

கிர்ஸ்டி விதவை. முதல் அட்டையில் மணியையும் மயில் அகவுவதையும் எழுதிய பிறகு இரண்டு வரிக்கு இடம் மிச்சமிருந்தது. என் கணவரும் இறந்துவிட்டார் என்று எழுதினேன். அவர் ரிக்கோடு கிளம்பி மூன்று நாள்தான் ஆகியிருந்தது. எழுதி முடித்து வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். எதுவும் மாறியிருக்கவில்லை. அதனால் அதைப் பெரிய பொய் என்று என்னால் நினைக்க முடியவில்லை.

அவள் உறையில் வைத்துப் பதில் அனுப்பினாள். அவருக்கு என்ன பிடிக்கும், எப்படிச் சிரிப்பார், கடைசியாக உங்களிடம் என்ன சொன்னார் என்று கேட்டிருந்தாள். கடைசியாக அவர் என்னிடம் சொன்னது, கேஸ் சிலிண்டரை மூடிவிட்டுப் படு என்பது. அதை எப்படி எழுத முடியும்? கொஞ்சம் திருத்தினேன். அடுத்த அட்டையில் இன்னும் கொஞ்சம். போகும் ஊரிலிருந்தெல்லாம் எனக்கு ஓர் அட்டை போடுவார் என்று எழுதினேன். மழை நாளில் என்னை உட்காரவைத்து அவரே காபி போடுவார் என்று எழுதினேன். மற்ற நாட்டுக்காரர்களுக்கும் எழுதத் தொடங்கினேன். லில்லிப் பூக்களும் மெழுகுவர்த்திகளும் படம் போட்ட இரங்கல் அட்டைகள் வந்தன. விதவையான பிறகுதான் எனக்கு நல்ல புருஷன் கிடைத்தார், மேடம். சாயங்காலம் அவரைப் பற்றி எழுத உட்காரும்போது தலைவாரிக்கொண்டு உட்காருவேன்.

இப்படி ஒன்றரை வருடம் நன்றாகப் போனது. அப்புறம் போன ஆடியில் செங்கோடன் முதுகுவலி என்று ரிக்கை விற்றுவிட்டு ஒரேயடியாக வீட்டுக்கு வந்துவிட்டார்.

அவருக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது. வேலையில்லாமல் காலையிலிருந்து கேட்டருகே நிற்பார். ரஞ்சிதா ஸ்கூட்டியை நிறுத்தியதும் அட்டைகளை அவரே வாங்கிவந்து கொடுப்பார். தன் சாவுக்கு வந்த அட்டைகளைத் தானே கொண்டுவந்து கொடுத்த மனிதரை நான் ஒருவரைத்தான் பார்த்திருக்கிறேன். மழையில் நனையக் கூடாது என்று தகரத்தில் ஒரு பெட்டி செய்து, தெய்வநாயகி என்று என் பெயரை எழுதி, கேட்டில் மாட்டினார். ஒருநாள் அட்டைகளை வரிசையாக மேசையில் பரப்பி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்புள்ள, எல்லாருமே வெள்ளப் பூவா அனுப்பறாங்களே, அந்தூருல செவப்புப் பூவே பூக்காதா?"

"குளுரு சாஸ்திங்க அங்க. வெள்ளதானுங்க பூக்கும்."

"பாவத்த" என்றார்.

எனக்குத் தொல்லையாக இருந்தது அவரல்ல. அவர் இருந்ததால், நான் எழுதிவந்த மற்றவர் வராமல் போனதுதான். அட்டையை எடுத்து வைத்து, அவர் சிரிப்பார் என்று எழுதத் தொடங்குவேன். உள்ளேயிருந்து இவர் இருமுவார். டிவியைச் சத்தமாக வைப்பார். நின்றுகொண்டே இட்லியை விழுங்கிவிட்டு ஏப்பம் விடுவார். எழுதிய வாக்கியம் செத்துப்போகும். மூன்று மாதத்தில் என் கணவரின் முகம் எனக்கு மறக்கத் தொடங்கியது.

நவம்பரில் கிர்ஸ்டியின் அட்டை வந்தது. ஜனவரியில் ஏற்காட்டுக்கு வருகிறாளாம். அங்கிருந்து கார் பிடித்து எங்கள் வீட்டுக்கு வந்து, அவர் படத்துக்கு ஒரு பூ வைக்க வேண்டுமாம். வராதே என்று எழுதியிருக்கலாமே என்கிறீர்கள். எந்தக் காரணத்தைச் சொல்லி எழுதுவது? எனக்குத் தேவையில்லாமல் பொய் சொல்லிப் பழக்கமில்லை.

டிசம்பர் நான்காம் தேதி நான் எதையும் திட்டமிடவில்லை. காலை ஏழு மணிக்கு மோட்டார் தண்ணீர் எடுக்கவில்லை. குழாய் நுனியிலிருக்கும் புட்வால்வில் இலை அடைத்திருக்கும் என்று அவர் கிணற்றுக்குள் இறங்கினார். படிக்கல் ஒன்று பெயர்ந்துவிட்டது. நாற்பது அடிக் கிணறு, அடியில் இரண்டு ஆள் ஆழத்துக்குத் தண்ணீர். ஆயிரம் அடி துளைபோட்ட மனிதருக்கு நீந்தத் தெரியாது. மோட்டார் பைப்பைப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டார். பக்கத்துத் தோட்டத்தில் கோழிப்பண்ணை. தீவனம் போடும் நேரத்தில் அத்தனை கோழியும் கத்தும். வேறு யாருக்கும் கேட்டிருக்காது.

நான் மோட்டார் ரூமிலிருந்து கயிற்றை எடுத்துக்கொண்டு போனேன். எட்டிப் பார்த்தேன். அண்ணாந்து என்னைப் பார்த்தார். அவருக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும், சிரித்தார்.

"போடு புள்ள. கை நழுவுது."

அப்படி ஒரு சிரிப்பை இரண்டு வருடமாக நான் எழுதிவந்திருந்தேன். பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது அவ்வளவு நன்றாக இல்லை. கயிற்றைச் சுருட்டி, கொண்டுபோய் ஆணியிலேயே மாட்டினேன். நனைந்தால் இற்றுப்போகும். பிறகு மேசைக்கு வந்து, பாதியில் வைத்திருந்த அட்டையை எழுதி முடித்தேன். ஒன்பது மணிக்குப் போய்ப் பண்ணை ஆட்களைக் கூப்பிட்டேன். கால் தவறிவிட்டது என்று அவர்களாகவே சொன்னார்கள்.

மீதியை நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள். அவருடைய தம்பி மகன்கள் முக்குரோட்டில் கண்ணீர் அஞ்சலி என்று ஒரு பிளெக்ஸ் வைத்தார்கள். பின்னால் ரிக், முன்னால் அவர், கீழே தோற்றம், மறைவு. எழுத்து தமிழில் இருந்தாலும் தேதி எண்ணில்தான் இருக்கிறது. ரிக்கைப் பார்த்ததும் கிர்ஸ்டி அந்த முக்கில் காரை நிறுத்தி, பெயரை டிரைவரை வாசிக்கச் சொல்லியிருக்கிறாள். இரண்டு வருடத்துக்கு முன் இறந்தவர் போன மாதம் இறந்திருக்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது. அதே தேதியிட்டு நான் அனுப்பிய அட்டை அவள் கைப்பையிலேயே இருந்தது. கிளம்புவதற்கு முதல் நாள்தான் வந்து சேர்ந்ததாம்.

அவள் வீட்டுக்கு வரவே இல்லை. வாங்கிவந்த பூவைக் கேட்டுக்கு வெளியே, அந்தத் தகரப் பெட்டியின்மேல் வைத்துவிட்டு உங்கள் ஸ்டேஷனுக்கு வந்துவிட்டாள். எனக்கு அது கொஞ்சம் வருத்தம்தான். வடை சுட்டு வைத்திருந்தேன்.

ஆமாம், உங்கள் மேசையில் இருப்பது என் கையெழுத்துத்தான். நானே தமிழில் சொல்கிறேன். "மணி ஏழு பத்து. கோழிகள் கத்துகின்றன. தூரத்தில் ஓர் ஆள் கூப்பிடுகிறார்." அதன் கீழே இரண்டு வரி தள்ளி, "மணி ஏழு ஐம்பது. கோழிகள் மட்டும்." அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை.

கூப்பிட்டது உங்க வீட்டுக்காரர்னு தெரிஞ்சுதானே எழுதுனீங்க என்று காலையிலிருந்து மூன்றாவது முறையாகக் கேட்கிறீர்கள். கயிற்றைப் பற்றி எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். இதை மட்டும் தப்பாக எழுதாதீர்கள், மேடம். கிணற்றில் இருந்தவர் யாரோ. என் வீட்டுக்காரர் இறந்து இரண்டு வருடமாகிறது.