சைவக் குட்டை

இல்ல முருகையன், வலைய அப்பறம் பிரிக்கலாம், மொதல்ல குட்டையப் பாருங்க. மீன் கெடக்குதுங்க, ஏன் இல்லாம. கெண்ட, கெளுத்தினு எரநூறுக்கு மேல. ஆமா, ஜைனர் ஊட்டுக் குட்டைதான். தர்மவதியம்மா மீன் புடிக்கக் கூப்ட்டாங்கனு கீழ்பென்னாத்தூர் போயி சிரிச்சிக்குங்க. இப்ப கேளுங்க.

எங்க ஊட்டுக்காரரு, கலெக்டர் ஆபீசுல ஹெட்கிளார்க்கா இருந்த ஜம்புகுமார் சாரு, போன வருசம் மீன் மார்க்கெட்டுக்குப் போனாரு. உசுரோட இருந்ததையெல்லாம் டிரம்மு டிரம்மா வாங்கினு வந்து இதுல உட்டாரு. ஜீவகாருண்யமாம். விக்கறவன் கேக்கறான், சார் கொழம்புக்கா வறுவலுக்கான்னு. இவரு, விடுதலைக்குனாரு. கூடப் போன ஆட்டோக்காரன் இன்னிக்கும் சொல்லிச் சொல்லி சிரிக்கறான்.

அதுக்கு முன்ன இந்தக் குட்டைல மீனே கெடையாதுங்க. சித்திரைல காஞ்சி வெடிச்சிடும், அப்பறம் மீனு எங்க தங்கும்? இவரு போர் மோட்டரப் போட்டு நெரப்பி வெக்கறாரு. கொல்லைல மல்லாட்டைப் பயிருக்குத் தண்ணி கம்மி, மீனுக்கு ஜாஸ்தி.

தெனம் காலைல பொரி, தவுடு போடறாரு. தின்னுதுங்க. ஒடனே போறவன் வரவனயெல்லாம் நிக்க வெச்சி, எங்க குட்டைல மீனுகூட சைவம்னு பெரும. படிச்ச மனுசன். பொரிய முழுங்கிட்டு அடில போயி அதுங்க என்னா பண்ணுதுனு யாரு பாத்தா? தண்ணிப்பூச்சி, புழு, நத்தக் குஞ்சு, ஒண்ணு உடாம வழிச்சித் தின்னுட்டுதுங்க.

அதெல்லாம் வாத்துக் குஞ்சு தின்றதுங்க. அலகு நுனில மஞ்சப் பொட்டு வெச்ச வாத்து, வருசா வருசம் அந்தக் கோரைலதான் முட்ட உடுது. பெருசுங்க பரவால்ல. மீனு வந்தப்பறம் புல்லு வெத, கோரக் கெழங்குனு மாத்திக்கிச்சிங்க. பொரிஞ்சி பத்து நாளு ஆன குஞ்சு கெழங்கு நோண்டுமா? அதுக்குப் பூச்சி வேணும். எட்டு குஞ்சுல இப்ப மூணு. நேத்து கரையோரம் ஒண்ணு கெடந்துச்சி. தூக்கினா எடையே இல்ல. அவருகிட்டக் காட்டினேன். ஆயுசு அவ்ளோதான், கர்மம்னாரு. மீனுக்கு மட்டும் கர்மம் கெடையாது, மோட்டர் இருக்குது.

இதுல மீனு வாசனைக்கு நீர்க்காக்கா வேற எறங்கிடுச்சி. இருபது, முப்பது. முன்னெல்லாம் இந்தப் பக்கம் எட்டியே பாக்காது. இவரு தகரத்தத் தட்டிக்கினு ஓடறாரு. பௌர்ணமிக்கு ஊரே மலையச் சுத்துது, இவரு தெனம் குட்டையச் சுத்தறாரு. அதுவும் ஜீவன்தானே, அதுக்குப் பசிக்காதான்னு கேட்டேன். தகரத்த இன்னும் ஓங்கித் தட்டறாரு.

உசுரோட புடிச்சி வேற ஏரில உடணுமான்னா, வேணாம். அங்க ஒரு வாத்து குஞ்சோட இருக்கும். நீங்க எடுத்துனு போயி வித்துக்குங்க. சாவும், தெரியும். பாவம் எம்பேர்லயே இருக்கட்டும். பொழுது சாஞ்சா வெளக்குல பூச்சி உழுமேனு சாப்பாடே தொடாதவதான் சொல்றேன்.

சரி, வலையப் பிரிங்க, இன்னிக்கே முடிச்சிடுங்க. அவரு மேல்சித்தாமூர் மடத்துக்குப் போயிருக்காரு, சாயங்காலம்தான் வருவாரு. வந்து கத்துனா நான் பாத்துக்கறேன். எம்பேர்ல உட்ட மீனு, நானே எடுக்கச் சொல்றேன், அவருக்கு இன்னா?

ஆமா, எனக்காவத்தான் உட்டாரு. போன வருசம் வயித்துல ஆபரேஷன் பண்ணாங்க இல்ல, அப்ப நான் பொழைக்கணும்னு.

ஐய, அதுக்கு ஏன் வலையச் சுருட்டறீங்க? பிரிங்க. கட்டி மறுபடி வந்துடுச்சி, திங்கக்கெழம ரிப்போர்ட் குடுத்துட்டாங்க. நான் மட்டும்தான் போயி வாங்கினேன், அவருக்குத் தெரியாது. நீங்களும் வாயத் தொறக்காதீங்க. தெரிஞ்சா அந்த மனுசன் மறுபடியும் மீன் வாங்கக் கெளம்பிடுவாரு.