பெஞ்சின் மறுமுனை

அவைக்குத் தலைமை ஏற்று, இன்று ஒருமுறைகூட என் பக்கம் திரும்பிப் பார்க்காத என் உடன்பிறந்த அண்ணன் அவர்களே! எங்கள் இருவருக்கும் நடுவே நாற்காலி போட்டு, எல்லைக்காவல் வீரரைப்போல் அமர்ந்திருக்கும் தலைமையாசிரியை மதர் அவர்களே! பெரியோர்களே! பிள்ளையைச் சுமந்தது போதாதென்று அதன் புத்தகப் பையையும் சுமக்கும் தாய்மார்களே! தலை தாழ்த்தி வணங்குகிறேன்.

கத்தோலிக்கப் பள்ளியால் குடும்பத்துக்கு என்ன பயன் என்று பேசச் சொன்னார்கள். என்ன பயன்? கணக்கா? அது எந்தப் பள்ளியில் படித்திருந்தாலும் எனக்கு வந்திருக்காது. ஒழுக்கமா? என் மனைவி கேட்டுக்கொண்டிருக்கிறார், பொய் சொல்ல முடியாது. நான் பேசப்போவது பெஞ்சைப் பற்றி.

இங்கே சண்டை போட்டால் அடி கிடையாது. அடித்துக்கொண்ட இருவரும் ஆளுக்கொரு முனை பிடித்து, வகுப்பின் நீளப் பெஞ்சை மாதா சிலை இருக்கும் கெபி வரை தூக்கிப்போய்த் திரும்பக் கொண்டுவர வேண்டும். பின்வரிசையில் சிரிக்கும் ஐயா, நீங்களும் தூக்கியவர்தானே? அதைத் தனியே தூக்க முடியுமா? பேசாமல் தூக்க முடியுமா? வாசலில் முட்டும், படியில் தட்டும். "டேய், கொஞ்சம் சாய்ச்சுப் புடிடா" என்று வாய் திறந்தே ஆகவேண்டும். கோயிலுக்குப் போகிறவன் ஒரு முனை, மசூதிக்குப் போகிறவன் மறுமுனை. இந்தச் சனியனை எப்போது இறக்குவோம் என்று இருவருக்கும் ஒரே வேண்டுதல். மதர் மன்னிக்க வேண்டும்.

அப்படித் தூக்கித் தூக்கியே வளர்ந்த அண்ணனும் நானும் சேர்ந்து சலூன் வைத்தோம். பெயர்ப்பலகையில் யார் பெயர் முதலில் என்று வந்தது வம்பு. கடை நடுவே திரை விழுந்தது. பெரிய கண்ணாடியில் பாதி அவருக்கு, பாதி எனக்கு. தெருவும் இரண்டு பட்டது. அவரிடம் முடி வெட்டியவர் என்னிடம் சவரத்துக்கு வரக் கூசினார். சிரிக்காதீர்கள், உங்களில் பலர் தாடியோடு இருப்பது அதனால்தான்.

போன வாரம் என் மகளும் அண்ணன் மகனும் வகுப்பில் கட்டிப் புரண்டார்கள். எதற்கு? யார் அப்பா நன்றாக முடி வெட்டுவார் என்பதற்கு. மதர் விடுவாரா? பெஞ்சுதான். மாலையில் இரண்டும் ஒரே பாட்டிலில் மாறி மாறித் தண்ணீர் குடித்துக்கொண்டு வந்தன. மகள் கேட்டாள்: "அப்பா, உங்களுக்கும் பெரியப்பாவுக்கும் யாரும் பெஞ்சு குடுக்கலையா?"

கத்தரியைவிட வேகமான நாக்கு எனக்கு. அன்று அது, "போய்ப் பாடத்தைப் படிம்மா" என்று பேச்சை மாற்றியது. வெட்கமாக இருந்தது.

பள்ளிப்பாடம் பள்ளியிலேயே நிற்குமா? பிள்ளையோடு வீடு வரும், வீட்டைத் தாண்டித் தெருவுக்கும் வரும். பார்த்தும் பாராமல் இருக்கிற நமக்குத்தான் அது வலிக்கும்.

இடப்பக்க வரிசையில் என் மனைவி. வலப்பக்க வரிசையில் அண்ணி. கடைசியில் சுவரோரம், முட்டிவலியோடு நிற்பவர் எங்கள் அம்மா. ஏன் நிற்கிறார்? இடமில்லையா? இரண்டு பக்கமும் இருக்கிறது. எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் மறுபக்கம் முகம் வாடுமே என்று, திரை விழுந்த நாளிலிருந்து எந்த விசேஷத்திலும் அவர் உட்காருவதில்லை.

இதோ, மேடையோரம் பெஞ்சு கிடக்கிறது. இரண்டு வரிசைக்கும் நடுவே இடம் கிடக்கிறது. நேரமாயிற்று என்று தலைவர் மணியில் கை வைக்கிறார். முடித்துவிட்டேன். பொறுமையோடு கேட்ட உங்களுக்கு நன்றி. மதருக்கு நன்றி. எல்லோருக்கும் வணக்கம்.

அண்ணே, மணியை வச்சுட்டு வா. அந்த முனையப் புடி.

மெதுவா... சாய்ச்சுப் புடிண்ணே, படி இருக்கு.