பத்து ஷில்லிங்

பேருந்தில் போகும்போது கைபேசியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டுதான் பார்ப்பேன். பக்கத்தில் இருப்பவர்கள் எட்டிப் பார்ப்பது எனக்குப் பிடிக்காது. ஜெரோப்புக்கும் அந்தப் பழக்கத்தை நான்தான் கற்றுக்கொடுத்தேன், ஐயா.

எல்டோரெட் ஊரில் கணவன் கிப்டூ தன் தோள்பட்டையை உடைத்த பிறகு அவள் நைரோபிக்கு ஓடிவந்தாள். நான் தைக்கும் தொழிற்சாலையிலேயே சேர்ந்தாள். உமோஜா பகுதியில் என் அறையில் மூன்று வருடம் இருந்தாள். துணை தேடும் இணையதளத்தில் சேர ஆசைப்பட்டபோது நான் தடுக்கவில்லை. விதிகள் மட்டும் சொன்னேன். உண்மைப் பெயர் வேண்டாம். ஜன்னல் தெரியும் படம் வேண்டாம். வெளியே நிற்கும் தண்ணீர்த் தொட்டியை வைத்தே தெருவைக் கண்டுபிடித்துவிடுவார்கள். வீட்டு முகவரியை யாருக்கும் கொடுக்கக் கூடாது. கைபேசியின் ரகசிய எண்ணைக்கூட நான்தான் யோசித்துக் கொடுத்தேன். அதற்கு முன் அவள் பிறந்த வருடத்தையே வைத்திருந்தாள்.

அந்த இணையதளத்தில் கிசுமு ஊர்க்காரன் ஒருவன் பேசத் தொடங்கினான். பெயர் ஒக்கெயோ, தச்சன் என்றான். எனக்கு நம்பிக்கை வரவில்லை. அவன் படங்களில் பின்னால் தெரிந்த சுவரைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஞாயிறு காலையில் மட்டும் ஏன் எழுதுவதில்லை?

“சர்ச்சுக்குப் போறான் அக்கா,” என்று ஜெரோப் சிரித்தாள். “நீங்க போலீஸ்ல சேர்ந்திருக்கணும். துணி தைக்க வந்து வீணாப் போயிட்டீங்க.”

“பொண்டாட்டியோட போறானோ என்னவோ.”

“போகட்டுமே. அவளுக்கும் சேர்த்து நான் உகாலிக் களி கிண்டிப் போடுறேன்.”

ஆறு மாதத்தில் கிசுமுவுக்கே வந்துவிடச் சொன்னான். பேருந்துக்குப் பணம் அனுப்புவதாகச் சொன்னான். இங்கே கைபேசியில் பணம் அனுப்பினால் இரு பக்கமும் பதிவான பெயர் தெரிந்துவிடும். அதனால் என் எண்ணுக்கு அனுப்பச் சொன்னேன். அவன் கெமுன்டோ என்ற என் பெயரைப் பார்த்துக்கொள்ளட்டும், அவளுடையது மறைந்தே இருக்கட்டும் என்று நினைத்தேன்.

பணம் வந்தது. ஒக்கெயோ டேனியல் அம்போகோ. சொன்ன பெயரேதான். அதைப் பலமுறை படித்தேன். பொய் இருந்திருந்தால் எனக்கு வேலை இருந்திருக்கும்.

“என் பேரும் அவனுக்குத் தெரியும் அக்கா,” என்றாள். “போன மாசமே சொல்லிட்டேன். உங்ககிட்டச் சொன்னா திட்டுவீங்கன்னு...”

நான் திட்டவில்லை. அவள் துணிகளை மடித்துக் கொடுத்தேன்.

வியாழக்கிழமை அவள் குளிக்கப் போனபோது அவளுடைய கைபேசியைத் திறந்தேன். தடுத்துவைத்த எண்களில் முதலாவது கிப்டூ. தடையை நீக்கினேன். அந்த எண்ணுக்குப் பத்து ஷில்லிங் அனுப்பினேன். அவ்வளவுதான். ஒரு வார்த்தைகூட எழுதவில்லை.

இரண்டு நிமிடத்தில் அழைத்தான்.

“ஜெரோப்?”

“குளிக்கிறா. நான் கூட இருக்கறவ.”

“நல்லா இருக்காளாம்மா? எங்க இருக்கீங்க?”

மிக மரியாதையாகப் பேசினான். ஜெரோப் கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருப்பாளோ என்றுகூடத் தோன்றியது. அவனைக் கண்டால் பயந்துபோய் அறைக்குத் திரும்பிவிடுவாள். பேருந்து நிலையத்தில் ஆட்கள் இருப்பார்கள். சனிக்கிழமை, காலை எட்டு மணி, கிசுமு வண்டி என்றேன். பச்சைத் தலைத்துணி என்றும் சொன்னேன். அதை அவன் கேட்கவில்லை.

சனிக்கிழமை நிலையத்துக்குக் கிப்டூ வெட்டுக்கத்தியைச் செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்திருந்தானாம். எனக்குத் தெரியாது. முதல் வெட்டு விழுந்ததும் அவள் என்னைப் பார்த்துத்தான் ஓடிவந்தாள். நான் அவளுடைய பையை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தேன். அவள் விழுந்த பிறகும் அதைக் கீழே வைக்கத் தோன்றவில்லை.

ஒக்கெயோ என் எண்ணுக்கு அழைத்துக்கொண்டே இருக்கிறான். தெரியாதவர்களிடம் நான் பேசுவதில்லை.

எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. நான் மறுக்கவில்லை. ஆனால் இதையும் சேர்த்து எழுதுங்கள். கிப்டூ மூன்று தடவை கேட்டான். வீட்டு முகவரியை மட்டும் நான் கொடுக்கவே இல்லை.