ஒட்டுற பக்கம் எது?

வாழ்த்திப் பேசுங்கன்னு மைக்கைக் கையில குடுத்துட்டீங்க. சடங்குக்கு மாலையும் கழுத்துமா உக்காந்திருக்குற நம்ம வீட்டுப் பிள்ளைய மனசார வாழ்த்துறேன். ஆனா மேடையை விட்டு இறங்குறதுக்கு முன்னாடி ஒரு சின்னக் கதை சொல்லிடுறேன். பந்தி போட்டாச்சு, சோறு ஆறுதுன்னு அங்க ஒரு அண்ணன் கையாட்டுறாரு. ஆறட்டும்ணே… இந்தக் கதையை முழுங்கிக்கிட்டு என்னால சாப்பிட முடியாது.

நிலக்கோட்டைப் பக்கம் சங்கவின்னு ஒரு பிள்ளை. அம்மா பாண்டியம்மா, விடியக்காலம் மல்லிகைப்பூ எடுக்கப் போற பொம்பளை. அப்பா லாரி கிளீனர். பிள்ளை கோ-கோ ஆடும்… என்னா ஓட்டம்ங்கிறீங்க! கண்ணு மூடித் தொறக்குறதுக்குள்ள கம்பத்தைச் சுத்தி அந்தப் பக்கம் நிக்கும். "விளையாட்டு விடுதித் தேர்வுக்குக் கூட்டிட்டு வாங்கம்மா, இவளுக்குக் கட்டாயம் கெடைக்கும்"னு டீச்சரே வீடு தேடி வந்து சொல்லிட்டாங்க. சாப்பாடு, படிப்பு, பயிற்சி எல்லாம் அங்கயே. பிள்ளைக்கு எந்நேரமும் அதே நெனப்பு.

அந்த வருஷம் அவ வயசுக்கு வந்துட்டா. வந்தா என்ன செய்வோம்? நமக்கா தெரியாது! முச்சந்தியில பிளக்ஸு… தாய்மாமன் தவமணி தாம்பாளம் தாம்பாளமா சீரு… டிரம் செட்டு… கறிச்சோறு. ஊரே தின்னுட்டுக் கைகழுவிட்டுப் போச்சு.

மறுமாசம் பாண்டியம்மா மகளுக்கு நாப்கின் வாங்கக் கடைக்குப் போனா. கேக்க வாய் வரல. கடைக்காரர் அதைவிட மோசம்… பழைய பேப்பர்ல சுத்தி, கறுப்புக் கவர்ல போட்டு, என்னமோ திருட்டுச் சாமான் மாதிரி நீட்டுறாரு. சின்னப் பிள்ளைக்கா, பெரியவங்களுக்கா, எந்த அளவு… அவரும் கேக்கல, இவளும் சொல்லல. கொண்டாந்து மக கையில திணிச்சா.

"வெச்சுக்க."

"எப்படிம்மா வைக்கிறது?"

"ஏய், மெதுவாப் பேசு! அப்பா இருக்காரு. உள்ள போ."

அவ்வளவுதாங்க பாடம்!

பிள்ளை பாத்ரூமுக்குள்ள போயி பிரிக்குது. பின்னாடி ஒரு காகிதம்… உரிச்சா பசை. அது என்ன நெனைக்கும், சொல்லுங்க? முட்டியில அடிபட்டா பிளாஸ்திரியை எங்க ஒட்டுவோம்? தோல்லதானே! சங்கவியும் அதையேதான் செஞ்சா. பசைப் பக்கத்தை மேல வெச்சு ஒடம்புல ஒட்டிக்கிட்டா… அந்தா, தூணுக்குப் பக்கத்துல நிக்கிற பிள்ளை… சிரிக்காத தாயி. சாயங்காலம் அதைப் பிச்சு எடுக்கும்போது அந்தப் பிள்ளை துண்டை வாயில கடிச்சுக்கிட்டு எடுத்துச்சு.

"அம்மா… ரொம்ப வலிக்குதும்மா."

"பொம்பளைன்னா வலிக்கத்தான் செய்யும். பொறுத்துக்க."

அம்மா வயித்து வலின்னு நெனச்சா. மக, 'ஓகோ, எல்லாருக்கும் இப்படித்தான் போல'ன்னு நெனச்சா. எடுத்தா வலிக்குமேன்னு, காலையில வெச்சதைப் பொழுது சாயுற வரைக்கும் மாத்தவே மாட்டா. மாசா மாசம் இதே கூத்து. தொடையெல்லாம் புண்ணு. யார்கிட்டப் போயிச் சொல்லும் அது?

தேர்வு நாளும் வந்துச்சு… பாழாப்போன அதுவும் அன்னைக்கே வந்துச்சு. விசில் ஊதுறாங்க. ஓடுனா… பல்லைக் கடிச்சுக்கிட்டு ஓடுனா. ஒரு தடவை உக்காந்தவ எந்திரிக்கவே இல்ல. தொட்டுப் பாத்தா ஒடம்பு அனலாக் கொதிக்குது. ஆசுபத்திரிக்குத் தூக்கிட்டுப் போனாங்க. மைதானத்துல அடுத்த பிள்ளை பேரைக் கூப்பிட்டுட்டாங்க.

நர்ஸம்மா சீழ் பிடிச்ச புண்ணைப் பாத்துட்டுப் பதறிப்போனாங்க. "அடியே, யாருடி ஒனக்கு இப்படி வைக்கச் சொன்னது?"

"யாரும்… ஒண்ணும் சொல்லலக்கா."

பாண்டியம்மா தலையில அடிச்சுக்கிட்டு அழுறா. "எனக்கே தெரியாதும்மா! நான் பழந்துணி வெச்ச ஆளு. எனக்கு யாரு சொன்னா?"

புண்ணு ஆறிடுச்சு. மறுவருஷம் கேட்டா, வயசு தாண்டிடுச்சுன்னுட்டாங்க. இப்ப சங்கவி விளையாட்டு பீரியடு வந்தா வகுப்புலயே உக்காந்துக்குறா. எனக்கு வயிறு எரியுதுங்க, சொல்லும்போதே எரியுது.

எந்திரிச்சுப் போற அண்ணே… உக்காருங்க! ஒங்க வீட்டுலயும் பொம்பளைப்பிள்ளை இருக்குல்ல? இந்தா, எல்லாரும் பாக்கத்தான் ஒரு நாப்கினைக் கையில எடுத்துட்டு வந்திருக்கேன். இது பசைப் பக்கம்… ஜட்டியில ஒட்டணும். இது பஞ்சுப் பக்கம்… ஒடம்பைப் பாத்து இருக்கணும். ரெக்கை இருந்தா ரெண்டு பக்கமும் ஜட்டிக்குக் கீழ மடிச்சு ஒட்டு. சின்னப் பிள்ளைக்கு மெத்துனு இருக்குறதா, சின்ன அளவா, வாசனை போடாததா வாங்கு. படுக்கப் போறப்ப நீளமானது. நாலஞ்சு மணி நேரத்துக்கு ஒருக்கா மாத்து. நனைஞ்சுட்டா அதுவரைக்கும் காத்திருக்காத. கழட்டுனதைக் காகிதத்துல சுத்திக் குப்பைத்தொட்டியில போடு, கக்கூஸுக்குள்ள போட்டுத் தொலைக்காத. முன்னாடியும் பின்னாடியும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவு. முடிஞ்சுதா? எவ்வளவு நேரமாச்சு? வெத்தலை மடிக்கிற நேரம்! இதைச் சொல்ல ஒரு நாதி இல்லாமப் போச்சே அந்தப் பிள்ளைக்கு…

ஊருக்கெல்லாம் சொன்னோம், சங்கவி வயசுக்கு வந்துட்டான்னு. சங்கவிக்கு என்ன சொன்னோம்?

அம்மா… மகளுக்குப் பக்கத்துல நிக்கிற அம்மா, ஒன்னத்தான். இன்னைக்கு விருந்தாளுக போனதும் கதவைச் சாத்திக்கிட்டு ஒம் மககிட்ட ஒரு தரம் செஞ்சு காட்டு. அப்புறம் அவ என்னைக்காவது வலிக்குதுன்னு வந்து நின்னா, பொறுத்துக்கன்னு சொல்லிடாத தாயி. எங்க வலிக்குதுன்னு கேளு. பாண்டியம்மா அதை மட்டும் கேட்டிருந்தா, அந்தப் பிள்ளை இந்நேரம் ஓடிக்கிட்டு இருந்திருக்கும்.