காஸ்பருக்கு ஒன்பது நாள் ஜெபம்

அந்த நாவலில் எழுத்துப் பிழைகள் அதிகம், ஃபாதர். முதல் அத்தியாயத்திலேயே முப்பத்தொன்று. எண்ணி வைத்திருக்கிறேன்.

நம் பங்குக் கோயிலின் தாய்மார் வாசிப்பு வட்டத்துக்கு நான் தலைவி என்பது உங்களுக்குத் தெரியும். நம் லிபா ஊரில் இருக்கும் பெண்பிள்ளைகள் எல்லாம் அந்தக் காதல் நாவலை அலைபேசியில் படித்து அழுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, பதினோரு பக்க விமர்சனம் எழுதிக் கூட்டத்தில் வாசித்தேன். கதாநாயகன் ஒரு பெண்ணிடம், "நீ சிரிச்சா எனக்கு மூச்சு நின்னுடுது" என்கிறான். அவனுக்குத் தேவை காதலி அல்ல, ஆக்சிஜன் என்று எழுதியிருந்தேன். ஒரு பெண்ணைக் கெடுக்க இப்படி நாலு வரி போதும் என்று முடித்திருந்தேன்.

கடைசி வரிசையிலிருந்து லூரிங் கேட்டாள்: "நாலு வரிக்கு உதிர்றதுக்கு நம்ம பொண்ணுங்க என்ன கொய்யாப்பழமாக்கா?"

எல்லோரும் சிரித்தார்கள். ஆகவே ஆதாரம் தேவைப்பட்டது. அடுத்தவர் வீட்டுப் பிள்ளையைச் சோதிப்பது நியாயமில்லை. என் மகள் ஜோவெலினை எடுத்துக்கொண்டேன். பத்தொன்பது வயது, நர்சிங் முதலாண்டு.

பழைய அலைபேசி ஒன்று, புது எண் ஒன்று. காஸ்பர் அல்மோன்டே, இலோயிலோக்காரன், கப்பலில் பயிற்சி மாணவன். நடுக்கடலில் இணையம் மோசம் என்பதால் முகம் காட்டவோ குரல் கொடுக்கவோ வேண்டியதில்லை; எழுத்து மட்டும் போதும். நாவலின் வரிகளை அப்படியே அனுப்பினேன். அவள் பதில் போட்டாள்: "சார், இது பன்னெண்டாவது அத்தியாயம். சொந்தமா ஏதாச்சும் வச்சிருக்கீங்களா?"

சோதனை அங்கேயே தோற்றுவிட்டது என்பீர்கள். நான் அப்படி நினைக்கவில்லை. சொந்தமாக எழுதினேன். சாப்பிட்டாயா, செருப்பு கடித்த புண் ஆறிவிட்டதா, நேற்று அனுப்பிய குரல்பதிவில் ஏன் தொண்டை கம்மியிருந்தது என்று. அவ்வளவுதான். அடுப்பில் புளிக்குழம்பு கொதிக்கும்போது அனுப்புவேன். பக்கத்து அறையில் அவள் சிரிப்பது கேட்கும்.

"எங்கம்மா எங்கூடப் பேச மாட்டாங்க, திருத்துவாங்க" என்று ஒருநாள் காஸ்பருக்கு எழுதினாள். அன்றைக்கு அவன் அவளோடு மூன்று மணி நேரம் பேசினான்.

இப்படி ஏழு மாதம். எல்லாம் அந்த நாவலால் வந்தது.

பிறகு அவள் நேரில் பார்க்க வேண்டும் என்றாள். கப்பல் எந்தத் தேதியில் மணிலாவுக்கு வரும் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அவனைக் கொல்ல வேண்டியதாயிற்று. நாவலில் கதாநாயகன் நோயில் படுத்துச் சாகிறான். யோசனையில்லாத ஏற்பாடு; ஆஸ்பத்திரி என்றால் பார்க்க வந்துவிடுவார்கள். நான் கடலில் தள்ளினேன். உடல் கிடைக்கவில்லை என்று அவன் தம்பி எழுதுவதுபோல் மூன்று வரி அனுப்பினேன்.

ஜோவெலின் தரையில் உட்கார்ந்து அழுதாள். ஒன்பது நாள் ஜெபம் நம் வீட்டில்தான் நடக்க வேண்டும் என்றாள். எங்கள் தெருவில் யார் இறந்தாலும் ஜெபம் நடத்துவது நான். இதையும் நடத்தினேன். படம் இல்லாததால் ஒரு கப்பலின் படத்தை வைத்து மெழுகுவர்த்தி ஏற்றினாள். லூரிங் தினமும் அரிசிக் கேக்கோடு வந்து, "இந்த வயசுலயா போகணும் அந்தப் பிள்ளை" என்று மூக்கைச் சிந்தினாள்.

ஒன்பதாம் நாள் நீங்களும் வந்தீர்கள். அவன் பெயரைச் சொல்லி, கப்பல்மேல் தீர்த்தம் தெளித்தீர்கள். பான்சிட் நூடுல்ஸ் நன்றாக இருக்கிறது என்று இன்னொரு தட்டு வாங்கிக்கொண்டீர்கள். குறையாகச் சொல்லவில்லை. நம்புவதற்கு உங்களுக்கு அந்த நாலு வரிகூடத் தேவைப்படவில்லை என்கிறேன்.

மன்னிப்புக் கேட்க நான் வரவில்லை. என் விமர்சனம் சரி என்பதை ஒருவரிடமாவது சொல்ல வேண்டியிருந்தது. பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை நீங்கள் வெளியே சொல்ல முடியாது.

உண்மையை அவளிடம் சொல்லிவிடு என்கிறீர்கள். ஜெபம் முடிந்த பிறகு அவள் வகுப்புக்குப் போகவில்லை, சோற்றைத் தொடவில்லை, என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. போன வாரம் சொல்லியிருந்தால் ஒருவேளை யோசித்திருப்பேன். இப்போது அவசியமில்லை. நேற்று காஸ்பரின் தம்பி மறுபடி எழுதினான். இன்று காலை இரண்டு தட்டு சோறு சாப்பிட்டாள்.

அவனிடம் அவள் ஒன்றுதான் கேட்டாள்: "உங்கம்மா எப்படி இருக்காங்க? பாவம், அவங்க யார்கிட்டப் பேசுவாங்க?"

அந்த அம்மாவைப் பற்றி ஏழு பக்கம் எழுதியிருக்கிறேன், ஃபாதர். இன்னும் முடியவில்லை.