இடக் கன்னத்து வெளிச்சம்

என் மூக்கு கொஞ்சம் ஒருபக்கமாகச் சாய்ந்திருக்கும், மேடம். இப்படி எதிரெதிரே உட்கார்ந்து பேசும்போது தெரியாது, விளக்கு போட்டால்தான் தெரியும். அதனால் என்னைப் படமெடுக்கும்போது பெரிய விளக்கு இடப்பக்கம், தலைக்கு மேலே நல்ல உயரத்தில் இருக்க வேண்டும். வெளிச்சம் இடக் கன்னத்தில் இறங்கினால் மூக்கு நேராகிவிடும்.

நீங்கள் கேட்டது ஏணியைப் பற்றி. தெரியும். விளக்கைச் சொல்லாமல் ஏணியைச் சொல்ல முடியாது, அதனால்தான்.

என் ஸ்டூடியோ முன்பு ஒரு கிடங்காக இருந்த இடம். கூரை உயரம். குறுக்கே ஓர் இரும்புக் குழாய் போகிறது, விளக்கு மாட்ட அருமையான வசதி. அங்கே பாஸ்போர்ட் படமும் குழந்தைப் படமும்தான் அதிகம் எடுப்பேன். எங்கள் புகைப்படக்காரர் சங்கத்தில் எனக்குப் பெயரே 'பாஸ்போர்ட்'. தொழிலை வைத்து வந்த பெயர் இல்லை, முகத்தை வைத்து வந்தது. என்ன சந்தோஷம் வந்தாலும் என் முகம் விண்ணப்பத்தில் ஒட்டின மாதிரியே இருக்கும். என் மனைவி சொல்வாள், "கல்யாண போட்டோவுல நீங்க சாட்சிக் கையெழுத்து போட வந்தவரு மாதிரி நிக்கிறீங்க." அவள் கேலி செய்யவில்லை. உண்மை அதுதான்.

சங்கத்து மண்டபச் சுவரில் உறுப்பினர்கள் அவரவரை அவரவரே எடுத்த படத்தை மாட்டுவதென்று முடிவானது. விளக்கும் நாமே வைக்க வேண்டும், பொத்தானும் நாமே அழுத்த வேண்டும். கேட்க எளிதாக இருக்கிறது, இல்லையா? ஆனால் கேமராவுக்குப் பின்னாலும் முன்னாலும் ஒரே ஆள் எப்படி இருப்பது? நான் வெளிச்சத்தைச் சரிபார்க்கும்போது ஸ்டூலில் யாராவது உட்கார வேண்டும்.

என் மச்சினன் உட்கார்ந்தான். மனைவியின் தம்பி. டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவன், மத்தியானத்தில் சும்மா இருப்பான். கலகலப்பான பிறவி. குழந்தைகளைப் படமெடுக்கும்போது என் முதுகுக்குப் பின்னால் நின்று கிலுகிலுப்பை ஆட்டுவது அவன்தான். என் கேமராவில் சிரித்த குழந்தைகள் எல்லாம் அவனைப் பார்த்துச் சிரித்தவை. வீட்டிலும் அப்படித்தான், அவன் செருப்புச் சத்தம் கேட்டாலே என் மனைவியின் முகத்தில் விளக்கு எரியும். நல்ல வெளிச்சம் அது. அதை நான் தொழில்முறையாகக் கவனித்திருக்கிறேன், அவ்வளவுதான்.

அவனை உட்காரவைத்து வெளிச்சத்தைச் சரிசெய்வேன். பிறகு நான் போய் உட்காருவேன். ரிமோட் என் கைக்குள் இருக்கும். அவன் எதிரே நின்று கோமாளித்தனம் செய்வான். எடுத்ததெல்லாம் பாஸ்போர்ட்.

"அத்தான், சிரிங்கன்னா சிரிக்கணும். பல் டாக்டர்கிட்ட வாயத் திறந்து காட்டற மாதிரி காட்டக் கூடாது."

ஒரு நாள் விளக்கைக் கொஞ்சம் இறக்க ஏணியில் ஏறினான். கால் வழுக்கிவிட்டது. அப்படியே என் கண்ணெதிரில் விழுந்தான். அதிர்ச்சியில் என் கை இறுகி, ரிமோட் அழுந்திவிட்டது. பளிச்சென்று ஒரு வெளிச்சம். அவனுக்கு மணிக்கட்டு பிசகியிருந்தது, வேறொன்றும் இல்லை. கட்டுப் போட்டுக் கூட்டிவந்தேன். அப்புறம்தான் கேமராவைத் திறந்து பார்த்தேன்.

மேடம், அப்படி ஒரு முகத்தை நான் பார்த்ததில்லை. கண் இரண்டும் விரிந்து, உதடு பிரிந்து, பத்து வயது குறைந்து... யாரோ எனக்குள் ஜன்னலைத் திறந்துவிட்ட மாதிரி இருந்தது. கால் தரையில் பாவவில்லை. மனைவியிடம் காட்டினேன். வாங்கியவள் திருப்பித் தரவில்லை.

"என்னங்க, இது நீங்களா? இவ்வளவு அழகா இருப்பீங்களா நீங்க?"

அவளைவிட அதிகம் மகிழ்ந்தது மச்சினன்தான். கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் காட்டினான். "என் கை போனாலும் அத்தானுக்கு மூஞ்சி வந்துச்சுல்ல! இதையே மாட்டுங்க."

மாட்டியிருக்கலாம். ஆனால் வெளிச்சம் தப்பு. விளக்கு அரைகுறையாகத் திரும்பியிருந்ததால் மூக்கு கோணலாகத் தெரிந்தது. பார்வையும் கீழே போய்விட்டது, கண்ணில் விளக்கின் ஒளிப்பொட்டு விழவில்லை. முகம் கிடைத்த பிறகு படத்தைக் கோட்டைவிட எந்தத் தொழில்காரனுக்கு மனது வரும்?

அந்த வாரம் முழுக்கத் தலைகால் புரியவில்லை எனக்கு. கரும்பலகை நிறத்தில் புதுச் சட்டை வாங்கினேன், முகம் மட்டும் எடுப்பாகத் தெரியும் என்று. கடைக்கு வந்த கிழவர் ஒருவரை "அழகா இருக்கீங்க ஐயா" என்று சொல்லி அனுப்பினேன். குளிக்கும்போது பாடினேன்.

"என்ன, கச்சேரி பலமா இருக்கு?" என்றாள் மனைவி, கதவுக்கு வெளியிலிருந்து.

"படம் நல்லா வரப்போவுது," என்றேன். பொய் சொல்லவில்லை.

விளக்கைக் கூரைக் குழாயில் இன்னும் உயர்த்தி மாட்டினேன். ஏணியைக் கேமராவை ஒட்டி இடப்பக்கம் நிறுத்தினேன். விழுகிறவன் லென்ஸுக்கு அருகில் விழுந்தால்தான் என் பார்வை கேமரா பக்கமே நிற்கும். உயரம் கூடினால் விழும் நேரமும் கூடும், பார்வை மேலேயே இருக்கும்போது அழுத்திவிடலாம். தரையில் விரித்திருந்த ரப்பர் பாயைச் சுருட்டிவைத்தேன். அதன் பளபளப்பு என் தாடைக்குக் கீழே தேவையில்லாத வெளிச்சம் அடித்தது. பிறகு ஏணியின் இரண்டு கால்களையும் பிணைக்கும் கொக்கியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். படத்தில் என் பையின் ஓரம் மின்னுவது அதுதான். அதை எடுத்து வேறு எங்காவது வைத்திருக்க வேண்டும். அது ஒன்றுதான் அந்தப் படத்தில் குறை.

மச்சினன் மத்தியானம் வந்தான். ஒரு கையால் பிடித்துப் பிடித்து ஏறினான். நான் ஸ்டூலில் உட்கார்ந்து சட்டைக் காலரைச் சரிசெய்தேன்.

"அத்தான், ஏணி ஆடுது."

"நான் பாத்துக்கிட்டுதானே இருக்கேன், மாப்ள. இன்னும் ஒரு படி."

"விளக்க உங்க பக்கம் திருப்பவா?"

"திருப்பு."

திருப்பினான். வெளிச்சம் என் இடக் கன்னத்தில் இறங்கியது. வெதுவெதுப்பாக இருந்தது. மூக்கு நேராகிவிட்டது என்பது கண்ணாடி பார்க்காமலே எனக்குத் தெரிந்தது. ஏணியின் கால்கள் விரிந்தன. அவன் என்னைப் பார்த்தான். நான் அழுத்தினேன்.

ஒரே படம்தான் எடுத்தேன். இன்னொன்று தேவைப்படவில்லை.

உடனே ஏன் ஆம்புலன்ஸைக் கூப்பிடவில்லை என்று கேட்டீர்கள். படம் கூர்மையாக வந்திருக்கிறதா என்று பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். இமை முடி ஒவ்வொன்றும் தெரிந்தது. அவன் ஏதோ சொன்னான் என்று நினைக்கிறேன். நான் பதில் சொன்னேன், "வந்துடுச்சு மாப்ள" என்று. அதை அவன் கேட்டானா என்று தெரியவில்லை. கேட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பான்.

ஆமாம், நான்தான் செய்தேன். அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் உங்கள் ஏட்டையா பொறாமை, வஞ்சம் என்றெல்லாம் எழுதிக்கொண்டிருக்கிறார். அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. என் மனைவியும் அப்படித்தான் நினைக்கிறாள் போலிருக்கிறது, அந்தப் படத்தை அவள் பார்க்கவே மாட்டேன் என்கிறாள். மேஜைமேல் இருக்கிறதே, நீங்களாவது எடுத்து நன்றாகப் பாருங்கள், மேடம். அவன் விழும்போது நான் அவனைப் பார்த்துக்கொண்டிருந்த முகம் அது. பிடிக்காத ஒருவனைப் பார்த்து யாருக்காவது முகம் இப்படி மலருமா?