எண்ணெய் போட்ட கை

“அலோ... அலோ... ஆங், நான்தாம்மா. இராமதாஸு, நெல்லித்தோப்பு. இப்பதான் பேசிக்கினு இருந்தேன், கட்டாயிடுச்சு... ஆமா, ஆமா, மரம் செதுக்குற மெஷினு... திரும்ப மொதல்லேருந்தா? அப்ப வேற யாரோ எடுத்தாங்களே... சரி, நீ யாரும்மா?... துர்காவா. கேட்டுக்கோ துர்கா. பலகைய உள்ள உடுறேன், இழுக்க மாட்டேங்குது. ‘பலகை இல்ல’ன்னு ஸ்கிரீன்ல காட்டுது. எம் பலகை உள்ளதாம்மா இருக்குது! கண்ணால பாத்துக்கினு இருக்கேன்!”

இதே கதையை இராமதாஸ் சொல்வது இது மூன்றாவது முறை. ஒவ்வொரு முறையும் கம்பெனியில் வேறு யாராவது எடுக்கிறார்கள், ஆதியிலிருந்து ஆரம்பிக்கச் சொல்கிறார்கள். மணியோ நாலரை ஆகிவிட்டது. பள்ளி முடிந்து ஐந்துக்கு ஜெயம் டீச்சர் வந்துவிடுவார். பக்கத்துத் தெரு அடுக்குமாடிக் குடியிருப்புக்கு அவர்தான் செயலாளர். அவர் வீட்டுப் பெயர்ப்பலகையை மாதிரிக்குச் செதுக்கிக் காட்டினால் பன்னிரண்டு கதவுக்கும் வேலை இவருக்கே. காட்டாவிட்டால் நாளைக் காலையிலிருந்து இவர் வாட்ச்மேன். அதுவும் வேறெங்கோ இல்லை. இருபத்தாறு வருஷம் தறி ஓட்டிய அதே மில்லில், மூடிக் கிடக்கிற அதே கேட்டுக்குக் காவல். நீலச் சட்டை வந்துவிட்டது. இவர் மனைவி அஞ்சலாட்சி அதை இஸ்திரி போட்டு ஆணியில் மாட்டியும் வைத்துவிட்டாள்.

“அளந்துட்டேம்மா. நீளம் சரி, அகலம் சரி... கோணலா? தேக்கும்மா இது! தரையில வெச்சுப் பாத்துட்டேன், ஆடல, அசையல... கைப்பிடியா? சுத்திச் சுத்தி மெஷினு தலைய நல்லா எறக்கிட்டேன்... ஆங், சத்தம் வந்துச்சு... தூசா? எங்கிட்ட இருக்குற மெஷினுல தூசா?... ஆமா, ஆமா, அந்தக் கண்ணு மாரி இருக்குறதையும் தொடச்சிட்டேன்... ஆஃப் பண்ணி ஆன் பண்ணியாச்சு, நாலு தபா... ஏய், அந்தச் சட்டைய எடுத்து உள்ள வை. கண்ணெதிர்ல தொங்க உடாத... ஐய, உன்ன இல்லம்மா. வீட்ல சொன்னேன்.”

அஞ்சலாட்சி சட்டையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். சண்டைக்கு வந்திருந்தால்கூட அவருக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்திருக்கும்.

“சொல்லு... உருளையா? ரெண்டு ரப்பர் உருளை, ஆமா... சுத்துது, சுத்தாம இல்ல. பலகை மேல வழுக்கிக்கினே சுத்துது... வெள்ளத் துணியா? இரு, வெச்சிடாத.”

போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, பழைய வேட்டியில் ஒரு முனையைக் கிழித்து உருளையைத் துடைத்தார். துணியை மூக்கருகே கொண்டுபோனார். வாழ்நாளில் பாதி இந்த வாடையோடுதான் வீடு திரும்பியிருக்கிறார்.

“கறுப்பா வருதும்மா... பிசுபிசுன்னு... ஆமா, எண்ணெதான்... யாரு போட்டாங்களா? நான்தான் போட்டேன்! மெஷினு வந்த நாள்லேருந்து தெனம் காலைல போடுறேன். எண்ணெ போடாத மெஷினு எங்கம்மா இருக்குது? எங்க மில்லுல சூப்பர்வைசரே வந்து நிப்பாரு, ‘இராமதாஸ் தறியப் பாருங்கய்யா, சத்தமே இல்ல’ன்னு... இன்னா?... ரப்பருக்கா?... போடவே கூடாதா?”

இராமதாஸ் ஸ்டூலில் உட்கார்ந்தார். மேசையில் நீள மூக்கோடு எண்ணெய்க் குப்பி இருந்தது. மில் மூடிய அன்று அவர் எடுத்து வந்த ஒரே சாமான் அதுதான். மெஷின் மோசம், கம்பெனி மோசம், கரண்ட் மோசம் என்று இரண்டு நாளாக எல்லோரையும் திட்டித் தீர்த்திருந்தார். யாரும் கெடுக்கவில்லை. ஒரு நாள் தவறாமல் பார்த்துப் பார்த்து அவரே கெடுத்திருக்கிறார். அவருக்கு அழுகையைவிட வெட்கம்தான் அதிகமாக வந்தது.

“ஆங்... இருக்கேம்மா... எண்ணெயில ரப்பர் ஊறிடுச்சா... ஆமா, தொட்டா கொழகொழன்னுதான் இருக்குது. அது அப்படித்தான் போலன்னு நெனச்சேன்... புதுசு அனுப்புறியா?... அந்த மாடலே நிறுத்திட்டாங்களா? எப்ப?... இல்லம்மா, வைத்திக்குப்பத்துல மீன்புடி போட்டு எஞ்சினுக்கு ரப்பர் வேலை செய்யிற ஆளு இருக்காரு, அவராண்ட... ஒரு நூலு வித்தியாசம் வந்தாலும் ஆவாதா... சோப்புத் துணியா? இரு, இரு.”

சோப்புத் துணியால் துடைத்தார், காய்ந்த துணியால் துடைத்தார், உப்புத்தாளை எடுத்து மெல்லத் தேய்த்தார். பலகையை வைத்து மெஷினின் தலையை இறக்கி, பொத்தானை அழுத்தினார்.

“போவுதும்மா! இழுக்குது! அஞ்சலாட்சி, இங்க வா, சீக்கிரம் வா!... நாலு விரக்கடை போயிடுச்சு துர்கா... அஞ்சு... வா, வா, வாடி தங்கம்...”

உருளை மறுபடி வழுக்கிச் சுற்றியது.

“நின்னுடுச்சு... இல்லம்மா... ஆமா. ‘பலகை இல்ல’ன்னுதான்.”

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. ஜெயம் டீச்சர் சில்லறைக்காக டிரைவரிடம் வாதாடுவது தெளிவாகக் கேட்டது.

“வந்துட்டாங்க... நீ ஏம்மா சாரி சொல்ற? எண்ணெ நீயா போட்ட?... இன்னா? வைக்காம இருக்கணுமா?... ரெக்கார்டு பேசுமா... கொற தீந்துச்சுன்னா ஒண்ணு, தீரலன்னா ரெண்டு... சரி. ரெண்டு அழுத்துனா உனக்கு இன்னா ஆவும்?... சும்மா சொல்லும்மா, நான் யாராண்ட சொல்லப் போறேன்... உம் பேருல எழுதிக்குவாங்களா... எங்க மில்லுலயும் அப்படி ஒரு நோட்டு வெச்சிருந்தாங்க. இந்த மாசம் உனக்கு எத்தினி ரெண்டு வந்துச்சு?... அடப் பாவமே. இன்னும் ஒரு ரெண்டு வந்தா?... வேலையே போயிடுமா?... சரி. சரிம்மா... அழுவாத, எதுக்கு அழுவற... நல்லா இரு.”

துர்கா போய்விட்டாள். ரெக்கார்டு பேச ஆரம்பித்தது. இராமதாஸ் போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தார்.

“அஞ்சலாட்சி, டீச்சர உக்கார வை. காப்பி போடு... அந்தச் சட்டை கசங்கிடப் போவுது, திரும்ப ஆணியில மாட்டு.”

விரலில் ஒட்டியிருந்த எண்ணெயை வேட்டித் துணியில் துடைத்துக்கொண்டார்.

“தீந்துச்சும்மா, தீந்துச்சு” என்று அந்த ரெக்கார்டிடம் சொல்லிவிட்டு, ஒன்றை அழுத்தினார். லைன் கட்டானது.